ஆர்கேட் கட்டுப்பாட்டுப் பலகை ஓவியத்தை மீட்டெடுத்தல்: அறிகுறிவழிப் பிழை நீக்கம்

பழைய ஆர்கேட் (காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டு) பெட்டிகளில் ஆட்டக்காரர்களின் கை ஓயாமல் படும் இடம் கட்டுப்பாட்டுப் பலகையே என்பதால், அதன் மேல் ஒட்டப்பட்ட ஓவர்லே எனும் படத்தாள்தான் பெட்டியின் மற்ற ஓவியங்களைவிட முன்னதாகச் சிதைந்துபோகிறது. ஜாய்ஸ்டிக்கைச் சுற்றி மை தேய்ந்து உலோகம் வெளியே தெரியும், பொத்தான்களுக்கு அருகே சிகரெட் சுட்ட வடுக்கள் இருக்கும், ஓரங்கள் சுருண்டிருக்கும். அந்தத் தாளை ஸ்கேன் செய்து, கணினியில் வெக்டராக, அதாவது எந்த அளவுக்கும் பெரிதாக்கக்கூடிய கோட்டு வடிவங்களாக வரைந்து, மீண்டும் அச்சிட்டு ஒட்டும் வேலையில் ஏற்படும் பிழைகளை, அவை கண்ணுக்குத் தெரியும் விதத்தை வைத்தே இங்கு வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

இவ்வேலையில் பிழை தெரியும் இடம் ஒன்றாகவும் அது பிறந்த இடம் வேறாகவும் இருப்பதே வழக்கம். ஒட்டும்போது துளை பொருந்தாமல் போவதற்கான காரணம் ஸ்கேன் செய்த நாளிலேயே உருவாகியிருக்கலாம். ஆகையால் அளவு, இணைப்பு, கோடு, வண்ணம், அச்சு, ஒட்டல் என்ற வரிசையில்தான் சோதிக்க வேண்டும். அளவு சரியாகும் முன் வண்ணத்தில் கை வைப்பது நேர விரயம். எல்லாச் சந்தேகங்களுக்கும் இறுதி நடுவர் படத்தாள் ஒட்டப்படும் அந்த உலோகத் தகடு மட்டுமே. பழைய படத்தாள் நீளும், சுருங்கும், நிறம் மாறும். தகட்டில் இடப்பட்ட துளைகள் இடம் மாறுவதில்லை.

எனவே ஸ்கேனரைத் திறப்பதற்கு முன்பே தகட்டின் துளை வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டின் ஒரு மூலையை ஆதாரமாக வைத்து, ஒவ்வொரு துளையின் அருகு விளிம்பையும் தொலை விளிம்பையும் அளந்து, இரண்டின் சராசரியை அத்துளையின் மையமாகக் கொள்ள வேண்டும். அமெரிக்கப் பெட்டிகளில் பொத்தான் துளை பெரும்பாலும் 1⅛ அங்குலம், அதாவது ஏறத்தாழ 28.6 மி.மீ. விட்டமுடையது, ஜப்பானிய வகைப் பொத்தான்களுக்கு 30 மி.மீ., தொடக்கப் பொத்தானுக்கு 24 மி.மீ. என்பது வழக்கம். 1979-இல் வந்த ஆஸ்டிராய்ட்ஸ் போல ஜாய்ஸ்டிக்கே இல்லாமல் ஐந்து ஆட்டப் பொத்தான்கள் பலகை நெடுகப் பரவியிருக்கும் அமைப்பில் இவ்வரைபடம் மிக உதவும், ஏனெனில் இடமிருந்து வலம்வரை சரிபார்க்கும் புள்ளிகள் தாமாகவே கிடைத்துவிடுகின்றன. துளைகளை நேரடியாகப் படியெடுக்க விரும்பினால் காகிதத்தைத் தவிர்த்துப் பாலியெஸ்டர் படலத்தைப் பயன்படுத்துங்கள். காகிதம் காற்றின் ஈரப்பதத்துக்கேற்ப நீளும்.

அறிகுறி: அச்சு முழுவதும் ஒரே விகிதத்தில் சிறுத்தோ பெருத்தோ இருக்கிறது

இதுவே மிக அதிகம் காணப்படும் பிழை. நல்லவேளையாக, அதன் காரணத்தை அந்த விகிதமே பெரும்பாலும் சொல்லிவிடும். அச்சில் உள்ள ஓர் அகலத்தை எஃகு அளவுகோலால் அளந்து, கோப்பில் இருக்க வேண்டிய அளவால் வகுத்துப் பாருங்கள்.

விடை 0.9375 என்று வந்தால், அதாவது 600 மி.மீ. இருக்க வேண்டியது 562.5 மி.மீ. ஆகியிருந்தால், கோப்பு இங்க்ஸ்கேப் எனும் வெக்டர் வரைகலை மென்பொருளின் பழைய பதிப்பில் வரையப்பட்டிருக்கும். 2017-இல் வெளியான 0.92 பதிப்பு முதல் அம்மென்பொருள் ஓர் அங்குலத்தை 90 பிக்சலாகக் கொள்வதை விட்டு 96 பிக்சலாகக் கொள்ளத் தொடங்கியது; பழைய கோப்பைத் திறக்கும்போது வரும் கேள்வியைப் படிக்காமல் தள்ளிவிட்டால் படம் இவ்விகிதத்தில் சுருங்கும். விடை 0.75 ஆனால், அங்குலத்துக்கு 72 அலகு என்று கணக்கிடும் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளிலிருந்து வந்த எஸ்விஜி எனும் வெக்டர் கோப்பை 96 என்று கணக்கிடும் மென்பொருள் திறந்திருக்கிறது. எதிர்த்திசையில் சென்ற கோப்பு 1.333 மடங்கு பெருக்கும். இவற்றைக் கண்ணளவில் இழுத்துச் சரிசெய்யாமல், சரியான எண்ணால் பெருக்கி ஒரே முறையில் திருத்திவிட வேண்டும். அதைவிட நல்ல வழி, கருவிகளுக்கிடையே எஸ்விஜிக்குப் பதிலாகப் பிடிஎஃப் கோப்பை அனுப்புவது. அதில் உண்மை அளவு நிலைத்திருக்கும்.

விகிதம் இவற்றில் எதற்கும் பொருந்தாமல் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக, 0.94-க்கும் 0.98-க்கும் இடையில் எங்கோ நின்றால், அச்சிடும் சாளரத்தில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு செயலில் இருக்கிறதா என்று பாருங்கள். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க, ஒவ்வொரு கோப்பிலும் வெட்டி எறியப்படும் பகுதியில் கிடையாக ஒன்றும் செங்குத்தாக ஒன்றுமாக 100 மி.மீ. கோடுகளை வரைந்துவைப்பது போதும். அச்சகத்தாரிடம் கொடுக்கும் குறிப்பிலும் அந்தக் கோட்டின் அளவை எழுதிவிடுங்கள். பிறகு யார் பக்கம் பிழை என்ற விவாதமே எழாது.

அறிகுறி: இடது முனை பொருந்துகிறது, வலது முனை விலகிச் செல்கிறது

பலகை 600 மி.மீ. அகலம், ஸ்கேனரின் கண்ணாடி ஏ4 அளவு என்றால், துண்டு துண்டாக எடுத்து இணைப்பதைத் தவிர வழியில்லை. ஒரு துண்டு 0.2 பாகை மட்டும் சாய்ந்திருந்து, அதன் சாய்வை ஒட்டியே மற்றவை இணைக்கப்பட்டால், 600 மி.மீ. தூரத்தில் விலகல் 2 மி.மீ.-க்கு மேல் ஆகிவிடும். பலகையை ஒரு நேரான எஃகுப் பட்டையின் மேல் சார்த்தி, ஒரே திசையில் மட்டும் நகர்த்தி, ஒவ்வொரு துண்டும் முந்தையதன் கால்பங்கையாவது மறுபடி உள்ளடக்குமாறு ஸ்கேன் செய்தால் இச்சாய்வு பெருமளவு குறையும்.

இணைக்கும் மென்பொருளும் தன் பங்குக்கு ஏமாற்றும். ஃபோட்டோஷாப்பின் ஃபோட்டோமெர்ஜ் கருவி, கேமராவில் எடுத்த காட்சிகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. அதைத் தானியங்கு முறையில் விட்டால், தட்டையான ஸ்கேனில் இல்லாத ஒரு தொலைநோக்குச் சரிவை இருப்பதாக எண்ணிப் படத்தை வளைத்துவிடும். ‘ரீபொசிஷன்’ எனும் இடமாற்றத் தேர்வைத்தான் இங்கு பயன்படுத்த வேண்டும். துண்டுகளைக் கையால் அடுக்க முடிந்தால் இன்னும் நல்லது: துளை வரைபடத்தை முதலில் ஓர் அடுக்காக வைத்து, ஒவ்வொரு துண்டையும் அதன் பக்கத்துத் துண்டோடு ஒட்டாமல் துளை மையங்களோடு பொருத்தினால், பிழை ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் கடத்தப்படாது.

சாய்வும் வளைவும் இல்லாமலே விலகல் நீடித்தால், ஸ்கேனர் ஒரு திசையில் மட்டும் அளவை நீட்டுகிறது என்று ஐயப்பட வேண்டும். கருவியின் குறுக்கே உணரியின் இடைவெளி நிலையானது. நெடுக்கே நகரும் வண்டியின் ஓட்டம் அவ்வளவு நம்பத்தக்கதன்று. எஃகு அளவுகோலை இரு திசைகளிலும் வைத்து 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) ஸ்கேன் செய்து 200 மி.மீ.-ஐ எண்ணுங்கள். 4724 பிக்சல் வர வேண்டிய இடத்தில் 4700 வந்தால் பிழை அரை விழுக்காடுதான் என்று தோன்றும். அதுவே பலகையின் முழு அகலத்தில் 3 மி.மீ. ஆகி, பொத்தானைச் சுற்றி வரைந்த வட்டத்தை ஒரு பக்கம் மறைத்துவிடும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் எடுத்திருந்தால் அந்த ஓர் அச்சை மட்டும் ஒரே எண்ணால் திருத்தலாம். சிலவற்றை 90 பாகை திருப்பி எடுத்திருந்தால் திருத்தம் ஒவ்வொரு துண்டுக்கும் வேறுபடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பொருந்தவில்லையெனில், படத்தாளே நீண்டிருக்கலாம். சூடாக்கி உரித்த வினைல் இழுத்த திசையில் நீளும், மீண்டும் பழைய அளவுக்கு வராது. இயன்றவரை உரிப்பதற்கு முன் ஸ்கேன் செய்யுங்கள். உரித்தாகிவிட்டது என்றால் ஸ்கேனை உருவத்துக்கு மட்டும் நம்பி, இடத்துக்குத் தகட்டை நம்புங்கள்.

அறிகுறி: ஸ்கேனில் ஒரு பகுதி மங்கல், அல்லது படம் முழுவதும் மினுமினுப்பு

பலகையின் முன்விளிம்பு மடிக்கப்பட்டிருந்தால் அப்பகுதி கண்ணாடியிலிருந்து எழும்பி நிற்கும். மெல்லிய உடலமைப்புக் கொண்ட சிஐஎஸ் வகை ஸ்கேனர்களில் குவியம் கண்ணாடியை ஒட்டிய மிகச் சிறிய ஆழத்துக்கே கிடைக்கும் என்பதால், சிறிது எழும்பினாலும் மங்கிவிடும். பழைய, பருமனான சிசிடி வகை ஸ்கேனர் ஒன்று கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

மினுமினுப்புக்குக் காரணம் படத்தாளின் மேலுள்ள பாலிகார்பனேட் எனும் தெளிந்த பிளாஸ்டிக்கின் சொரசொரப்பான மேற்பரப்பு. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடிப்பதால் ஒவ்வொரு மேடும் ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பதிவாகிறது. அதே துண்டை 180 பாகை திருப்பி மறுமுறை எடுத்து, இரண்டையும் மேலடுக்காகப் பொருத்தி, இருண்ட பிக்சல் மட்டும் நிலைக்கும் கலவை முறையைப் பயன்படுத்தினால் புள்ளிகளில் பெரும்பகுதி அடங்கிவிடும். 180 பாகை திருப்பலில் நீள அச்சு மாறுவதில்லை என்பதால் முன்பு சொன்ன அளவுத் திருத்தமும் கெடாது.

நிறத் திட்டுகளில் அலையலையான கோலம் தெரிந்தால் அது மோயரே. அசலில் நிறச்சாயலைக் காட்டும் ஹாஃப்டோன் எனும் சிறு புள்ளிகள் இருக்கின்றன என்று பொருள். 1200 டிபிஐயில் எடுத்து, சிறிதளவு மங்கலாக்கிய பின் அளவைக் குறைப்பது பொதுவான தீர்வு. ஆனால் திரை அச்சில் (ஸ்கிரீன் பிரிண்டிங்) அப்புள்ளிகள் பல நேரம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியவை. அவையும் ஓவியத்தின் ஒரு பகுதியே. அவற்றைக் கரைத்து வழவழப்பான நிறச்சாயலாக மாற்றினால் பார்ப்பவருக்கு ஏதோ ஒன்று தவறு என்று உடனே தோன்றிவிடும். அங்குலத்துக்கு எத்தனை புள்ளி வரிசை, எந்தக் கோணம் என்று அளந்து, வெக்டரில் அதே புள்ளிகளை மறுபடி உருவாக்குவதே என் பரிந்துரை.

அறிகுறி: கோடுகள் நடுங்குகின்றன, மூலைகள் உருண்டுவிட்டன

ஸ்கேனைத் தானாகவே வெக்டராக மாற்றும் ட்ரேஸ் கருவியின் கைவண்ணம் இது. ஸ்கேனில் உள்ள தூசி, கீறல், மை கசிவு எல்லாவற்றையும் அது உருவம் என்றே நம்பி, நான்கு நோடுகள் (கோட்டின் வடிவைத் தீர்மானிக்கும் புள்ளிகள்) போதுமான ஒரு வட்டத்துக்கு நாற்பது நோடுகளை இட்டுவிடும். ‘எளிமையாக்கு’ கட்டளையால் இதைக் குணப்படுத்த முயல்வது பயன் தராது, ஏனெனில் நடுக்கம் குறையும்போதே மூலைகளின் கூர்மையும் போய்விடும். அந்த அடுக்கை நீக்கிவிட்டு, ஸ்கேனைப் பூட்டிய அடிப்படையாக வைத்துக் கையால் வரைவதுதான் கடைசியில் விரைவான வழி. நேர்கோட்டுக்கு இரண்டு நோடுகள். வளைவுக்கு அதன் உச்சம், அடி, இட எல்லை, வல எல்லை ஆகிய இடங்களில் மட்டும் நோடு. வளைவைக் கட்டுப்படுத்தும் நோடுகளின் கைப்பிடிகள் கிடையாகவோ செங்குத்தாகவோ இருக்கட்டும்.

எழுத்துகளில் ஓர் எச்சரிக்கை தேவை. நன்றாக எஞ்சிய ஓர் எழுத்தை வரைந்து, அதையே மற்ற இடங்களிலும் நகலெடுக்கும் ஆசை இயல்பாக எழும். அக்காலத் திரை அச்சு வேலைகளில் ரூபிலித் எனும் சிவப்புப் படலத்தைக் கத்தியால் வெட்டி வடிவங்களை உருவாக்கும் வழக்கம் இருந்தது. அப்படிக் கையால் வெட்டிய எழுத்துகளில் ஒன்று மற்றொன்றைப் போல அச்சு அசலாக இருக்க வேண்டியதில்லை. நகலை ஸ்கேன் மேல் வைத்துப் பார்த்து, விலகல் இருந்தால் அசலின் பக்கமே நில்லுங்கள். எழுத்துருவைப் பயன்படுத்திய இடங்கள் அச்சில் வேறு எழுத்தாக மாறிவந்தால், அவற்றை வெளிக்கோடுகளாக மாற்றாமல் அனுப்பிவிட்டீர்கள். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

படத்தை அளவு மாற்றிய பிறகு கோடுகள் மட்டும் தடித்தோ மெலிந்தோ தோன்றினால், ஸ்ட்ரோக் எனும் கோட்டின் தடிமனும் சேர்ந்து மாறட்டும் என்ற தேர்வு அணைந்திருக்கிறது. அளவு உறுதியான பின் எல்லா ஸ்ட்ரோக்குகளையும் நிரப்பிய வடிவங்களாக மாற்றிவிட்டால் இத்தொல்லை திரும்பாது.

அறிகுறி: இரு நிறங்களுக்கு இடையே மெல்லிய வெள்ளைக் கோடு

திரையில் மட்டும் தெரிந்து, பெரிதாக்கும்போது தடிக்காமல் இருந்தால் அது காட்சி மென்பொருளின் விளிம்பு மென்மையாக்கலால் வருவது. அச்சிலும் வந்தால், வடிவங்கள் ஒன்றின் கீழ் ஒன்று செல்லாமல் விளிம்போடு விளிம்பாக நிற்கின்றன என்று பொருள்.

இதைத் தீர்க்க, பழைய அச்சகம் எப்படி அச்சிட்டதோ அப்படியே கோப்பையும் கட்டுவது நல்லது. திரை அச்சில் ஒவ்வொரு நிறமும் தனித்தனித் திரை வழியாக விழும். திரைகள் சற்று விலகினாலும் இடைவெளி தெரியாதிருக்க, நிறத் திட்டுகள் கருப்பு வெளிக்கோட்டின் அடியில் நுழையுமாறு சற்றுப் பெரிதாக வெட்டப்படும். கோப்பிலும் கருப்பை எல்லாவற்றுக்கும் மேலடுக்காக வைத்து, ஒவ்வொரு நிறத்தையும் கருப்புக் கோட்டின் நடுப்பகுதிவரை நீட்டுங்கள். நிறமும் நிறமும் நேரடியாகத் தொடும் இடங்களில் வெளிர் நிறத்தை அடர் நிறத்தின் கீழ் அரை மில்லிமீட்டர் செலுத்துங்கள். அசலில் திரை விலகி ஒரு நிறம் கோட்டுக்கு வெளியே வழிந்திருந்தால் அதையும் நகலெடுக்க வேண்டுமா என்பது கருத்து வேறுபாட்டுக்கு உரியது. அந்த விலகல் ஒரு குறிப்பிட்ட தாளின் விபத்தேயன்றி ஓவியரின் எண்ணம் அன்று என்பதால் நான் அதை விட்டுவிடுவேன். அதே பெட்டியின் வேறொரு பலகையில் விலகல் எதிர்ப்பக்கம் இருக்கக்கூடும்.

அறிகுறி: வண்ணம் அசலைப் போல இல்லை

எந்த அசல் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் நின்ற பகுதி புற ஊதாக் கதிரால் வெளிறியிருக்கும். புகையும் அழுக்கும் வெள்ளையை மஞ்சளாக்கியிருக்கும். பொத்தான் விளிம்பின் அடியிலும் போல்ட் தலையின் அடியிலும் மறைந்திருந்த வளையங்களில்தான் முதல் நாளின் நிறம் எஞ்சியிருக்கிறது. ஸ்கேனர் தரும் எண்களை நம்பாமல், அவ்வளையத்தின் அருகே எண்ணிட்ட பேன்டோன் வண்ண அட்டையை வைத்து, 5000 கெல்வின் ஒளியில் கண்ணால் ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண வீட்டு விளக்கில் ஒன்றாகத் தோன்றும் இரு நிறங்கள் பகல் ஒளியில் வேறாகலாம்.

அச்சில் நீலம் ஊதாவாக வந்தால், சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) கலவையில் மெஜந்தா அதிகம். சயானைவிட அதை 30 புள்ளியாவது குறைத்து வையுங்கள். கருப்பு சாம்பலாகத் தெரிந்தால், கருப்பு மை மட்டும் 100 என்று இருக்கிறது. சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 என்ற செறிந்த கருப்பை முயலலாம். ஒளிரும் ஆரஞ்சு, ஒளிரும் இளஞ்சிவப்பு போன்ற மைகள் நான்கு வண்ண அச்சின் எல்லைக்கு வெளியே இருப்பவை; அவற்றைக் கோப்பில் எவ்வளவு திருத்தினாலும் கிடைக்கமாட்டா. அந்த நிறமே ஓவியத்தின் உயிராக இருக்குமானால் திரை அச்சுக்குத் திரும்புவதே நல்ல வழி.

எதுவானாலும், ஒவ்வொரு நிறத்துக்கும் அண்டை மதிப்புகள் கொண்ட சிறு கட்டங்களை அதே வினைலில், அதே லேமினேஷனோடு (அச்சின் மேல் ஒட்டும் பாதுகாப்புப் படலம்) அச்சிட்டுப் பார்த்தே முடிவெடுங்கள். சொரசொரப்பான லேமினேட் ஒளியைச் சிதறடித்துக் கருப்பை வெளிறச் செய்யும். அது இல்லாமல் தேர்ந்தெடுத்த நிறம் பலகையில் மாறிவிடும்.

அறிகுறி: அச்சு இடம் வலம் மாறியது, அல்லது நிறங்களின் வழியே தகடு தெரிகிறது

பல அசல் பலகைகள் தெளிந்த பாலிகார்பனேட்டின் பின்புறத்தில் அச்சிடப்பட்டவை. மை பிளாஸ்டிக்குக்கு அடியில் இருப்பதால்தான் அவை அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தன. அதே முறையில் அச்சிடுவதானால் கோப்பைக் கண்ணாடிப் பிம்பமாக்க வேண்டும்; வெள்ளை மை எல்லா நிறங்களுக்கும் பிறகு கடைசியாக விழ வேண்டும். வெள்ளை அடுக்கு விடுபட்டால் கருந்தகட்டின் மேல் எல்லா நிறமும் இருண்டுவிடும். அச்சகத்தார் தாமே புரட்டுவாரா, நாம் புரட்டித் தர வேண்டுமா என்பதை எழுத்தில் உறுதிசெய்யாவிட்டால் இருவரும் புரட்டி, படம் மீண்டும் பழைய திசைக்கே வந்துவிடும்.

அறிகுறி: லேமினேட்டுக்கு அடியில் வெள்ளி போன்ற புள்ளிகள், ஒட்டிய பின் கொப்புளங்கள்

சால்வென்ட் (கரைப்பான்) மை முழுதும் உலரும் முன் லேமினேட் செய்தால் வெளியேற வழியற்ற ஆவி நுண்குமிழாக நிற்கும். 24 முதல் 48 மணி நேரம் தாளைச் சுருட்டாமல் விரித்துக் காயவைக்க வேண்டும். ஒட்டிய பின் எழும் பெரிய கொப்புளங்களுக்குத் தகட்டில் எஞ்சிய பழைய பசையோ துருவோ காரணம். துருவை நீக்கி, மேடு பள்ளங்களை நிரவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சோப்புக் கலந்த நீரை மெல்லத் தெளித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஸ்குவீஜி எனும் தட்டைத் தேய்ப்பானால் தள்ளுங்கள். பாலிகார்பனேட் மேல் அசிட்டோனையோ அம்மோனியா கலந்த கண்ணாடித் துப்புரவு நீரையோ படவிடக் கூடாது; அது உடனே மங்கவோ, சில காலம் கழித்து விரிசல் விடவோ செய்யும்.

அறிகுறி: முன்விளிம்பு எழும்புகிறது, துளை மூலைகளில் விரிசல்

விறைப்பான பாலிகார்பனேட் லேமினேட் கூர்மையான மடிப்பைச் சுற்றி நிலைக்காது. தட்டையாகத் திரும்பவே எப்போதும் முயலும். விளிம்பு மடிந்த பலகைகளுக்கு நெகிழ்வான சொரசொரப்பு வினைல் லேமினேட்டையே தேர்ந்தெடுத்து, முடி உலர்த்தியால் மிதமாகச் சூடாக்கி மடித்து, ஆறும்வரை அழுத்திப் பிடியுங்கள். மடிப்புக்கு அடியில் செல்லும் பகுதிக்கும் வண்ணம் நீள வேண்டும் என்பதால், வெட்டுக்கோட்டைத் தாண்டி அச்சிடும் வழக்கமான 3 மி.மீ. பிளீட் இங்கு போதாது. மடிப்பின் முழு நீளத்துக்கு மேல் இன்னும் 10 மி.மீ. விடுவது பாதுகாப்பானது.

விரிசல்கள் பெரும்பாலும் சதுரக் கழுத்துள்ள போல்ட்டுகளின் துளைகளில் தொடங்கும். தகட்டில் துளை சதுரமாக இருந்தாலும், படத்தாளில் சதுரத்தின் மூலைகள்வரை எட்டும் வட்டமாகவே வெட்டுங்கள். போல்ட் தலை அதை மறைத்துவிடும். எல்லாத் துளைகளையும் தாளை ஒட்டிய பிறகு, தகட்டின் விளிம்பையே வழிகாட்டியாகக் கொண்டு, பின்புறமிருந்து புதிய கத்தி முனையால் வெட்ட வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது தலையைச் சுழலவிடாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். சுழலும் தலை தாளையும் இழுத்துச் சென்று, வட்டச் சுருக்கத்தை உண்டாக்கிவிடும்.